சைக்கிள் பிரேம் மட்டும் போயிற்று: 15,000 ரூபாய்க்குள் எதை எடுப்பது?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வரை போய், திரும்பும் வழியில் நல்ல மழையில் மாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெடல் அச்சுக்கு மேலே, சீட் குழாய் வந்து சேருகிற வெல்டிங் ஓரத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், நகம் மாட்டியது. உப்புத்தாளை வைத்துப் பெயிண்டைத் தேய்த்துப் பார்த்தால், வெள்ளை அலுமினியத்தில் கறுப்பாக அதே கோடு. விரிசல். மூன்று சென்டிமீட்டர் நீளம். குழாயின் சுற்றளவில் அது மூன்றில் ஒரு பங்கு.

செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஓட்டிய ரோடு சைக்கிள் அது. சக்கரம், 9 வேக கியர், கிராங்க், பிரேக் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பிரேம் மட்டும் போயிற்று. வீட்டுச் செலவு போக ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையில் எந்தப் பாகமும் இல்லாதவர் பிரேமைத் தனியாக வாங்கிச் சைக்கிள் கட்டக் கூடாது. கம்பெனிக்காரர்கள் கியரையும் சக்கரத்தையும் ஆயிரக்கணக்கில் மொத்தமாக எடுக்கிறார்கள். நாம் அதையே சில்லறையில் வாங்கினால் முழு சைக்கிள் விலை அதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவர் ஏதாவது ஒரு முழு சைக்கிளை, தன் அளவுக்குப் பார்த்து எடுத்துக்கொள்வதே நல்லது. இந்தக் கணக்கு என்னைப் போல் உதிரிபாகங்களை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு.

எல்லோரும் முதலில் கேட்பது ஸ்டீலா, அலுமினியமா, கார்பனா என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் என் பழைய சைக்கிளைக் கழற்றிக் கீழே பரப்பி ஸ்கேலை வைத்தபோது பாதி முடிவு தானாக வந்துவிட்டது. பின்சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம், 130 மி.மீ. அகலம். பிரேக், ரிம்மைப் பிடிக்கிற வகை. சீட் போஸ்ட் 27.2 மி.மீ. முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் தண்டு 28.6 மி.மீ. பெடல் அச்சு உட்காருகிற பாட்டம் பிராக்கெட், 68 மி.மீ. அகலத்தில் மரை போட்ட வகை.

இந்த மரையின் பெயரே பி.எஸ்.ஏ. மரை. நம் ஊரில் ஒரு தலைமுறை ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரில் இருக்கிற அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்காமில் 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த கம்பெனி, பிறகு சைக்கிளுக்கு வந்தது. கழற்றப் போகிறவர்கள் கவனிக்கவும்: செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. வழக்கம்போல் திருப்பி முக்கினால் இன்னும் இறுகும்.

இன்றைக்குப் புதிதாக வருகிற ரோடு பிரேம்களில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக்குக்கானவை. பின்பக்கம் 142 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமனில் உள்ளே ஊடுருவிப் போகிற அச்சு. அதில் என் சக்கரம் ஏறாது, என் பிரேக்கை மாட்டவும் இடமில்லை. அதை வாங்கினால் பிரேமோடு நிற்காது, சக்கரமும் பிரேக்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஆக, டிஸ்க் பிரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு விலை அதிகம். இன்னொரு பக்கம், டிஸ்க்குக்கு மாறுகிறவர்கள் கழித்துவிடுவதால் ரிம் பிரேக் பிரேம்கள் பழைய சந்தையில் நல்ல விலைக்கு வருகின்றன. டிஸ்க் மோகத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

அடுத்தது எடை. இதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. சாதாரண ஹைடென் ஸ்டீல் பிரேம் இரண்டரை, மூன்று கிலோ வரும். குரோமோலி என்கிற நல்ல ஸ்டீல் இரண்டு கிலோவை ஒட்டி. அலுமினியம் ஒன்றரைக்கு முன்பின். கார்பன் ஒரு கிலோவைச் சுற்றி. குரோமோலிக்கும் கார்பனுக்கும் இடையே ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கி.மீ. அந்த ஊர் நம்மைவிடச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோவை 400 மீட்டர் தூக்க ஏறக்குறைய 3,900 ஜூல் தேவை. என்னைப் போன்றவர் 150 வாட்டில் மிதித்தால் அதற்கு ஆகிற நேரம் 26 விநாடி. நடுவில் ரோடு இறங்கி ஏறுவதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். சூளகிரியில் ஒரு டீ குடித்தால் போகிற நேரத்தில் இது எம்மாத்திரம்? பந்தயம் ஓட்டுகிறவருக்கு அந்த 26 விநாடி உயிர். எனக்கு இல்லை.

குலுக்கல் பற்றியும் ஒரு கதை உண்டு. அலுமினியம் முதுகை உடைக்கும், ஸ்டீல் தாலாட்டும் என்பார்கள். உலோகமாகப் பார்த்தால் அலுமினியம்தான் ஸ்டீலைவிட மூன்று மடங்கு வளையக்கூடியது. அதைச் சரிக்கட்டத்தான் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். குழாய் பெருத்தால் விறைப்பு கிடுகிடுவென்று ஏறும். விறைப்பு குழாயின் அளவில் இருக்கிறது, உலோகத்தின் பெயரில் இல்லை. அதுவும், எந்தப் பிரேமாக இருந்தாலும் மேல்கீழாக வளைவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்கும். 25 மி.மீ. டயரில் நான் 90 பி.எஸ்.ஐ. காற்று வைக்க வேண்டியிருந்தது. 32 மி.மீ. டயர் என்றால் 60 போதும். காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் வழியில் ஊருக்கு ஊர் வேகத்தடை. கிரானைட் லாரி போகிற ரோடுகளில் ஓரமெல்லாம் கல் சில்லு. இந்த ஊரில் ஓட்டுகிறவனுக்கு அந்த 30 பி.எஸ்.ஐ. வித்தியாசம் எந்த உலோகத்தையும்விடப் பெரிது. அதனால் பட்டியலில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: குறைந்தது 30 மி.மீ. டயர் உள்ளே சுற்ற வேண்டும்.

சரி, எதையெல்லாம் பார்த்தேன்?

முதலில் மனது போனது உடைந்ததையே ஒட்டிக்கொள்ளலாமா என்று. ஆர்கான் வெல்டிங்குக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஓசூர் வண்டித் தொழிற்சாலைகளை நம்பி எத்தனையோ பட்டறைகள். ஒரு மணி நேரத்தில், சில நூறு ரூபாயில் விரிசலை மூடிவிடுவார்கள். பிரச்சினை மூடுவதில் இல்லை. என் பிரேம் 6061 என்கிற ரக அலுமினியம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். பழைய பலம் வர வேண்டுமென்றால் முழுப் பிரேமையும் 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 170, 180 டிகிரியில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்கிறார்கள். பட்டறையில் ஒட்டியது அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி விரிசல் விடும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்குகிற வளைவுகளில் அது விடுவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட் கார்பன். ஓசூரில் ஒருவர் பிரேமும் ஃபோர்க்கும் சேர்த்து 14,000-க்குத் தருவதாகச் சொன்னார். பஸ் ஏறிப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், தூணில் சாய்த்து வைத்திருந்தார். கறுப்பில் சிவப்புக் கோடு, பார்த்ததும் மனது விழுந்துவிட்டது, பொய் சொல்வானேன். கார்பனில் அடி பட்டால் வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேல் குழாயில் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக் என்று ஒரே சத்தம். கீழ்க் குழாயிலும் அப்படியே. பின்னால் இடது செயின் ஸ்டேயில், அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற குழாயில், நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பொத் என்றது. நகர்த்தித் தட்டினால் டக். திரும்ப வந்தால் பொத். அவரையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை தட்டிவிட்டு, “எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குதுங்க” என்றார். ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. அது 56 செ.மீ. அளவுப் பிரேம். எனக்கு வேண்டியது 52. வெறுங்காலில் சுவரில் சாய்ந்து நின்று, தொடை இடுக்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து அளந்தால் எனக்கு 78 செ.மீ. அதை 0.67-ஆல் பெருக்குவது பழைய கணக்கு, 52 வரும். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்மைக் குட்டையாக்கிக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு அளவு வித்தியாசத்துக்கு அது சரிப்படும். இரண்டு அளவுக்குச் சரிப்படாது, ஐம்பது கி.மீ. தாண்டியதும் கழுத்தும் உள்ளங்கையும் சொல்லிவிடும். பெரிய அளவில் கார்பன் கிடைப்பதைவிடச் சரியான அளவில் இரும்பு கிடைப்பது மேல். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

இணையத்தில் பெயரில்லாத புதுக் கார்பன் பிரேம்களும் பார்த்தேன். சில நன்றாகவே இருக்கலாம். எது நன்றாக இருக்கும் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது, சுங்க வரி வேறு. அதோடு விட்டேன்.

பழைய ஸ்டீல் ரேஸிங் பிரேம் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் கிட்டத்தட்ட விழுந்தேன். தருமபுரியில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் தொங்கியது. குழாய்கள் சேருமிடத்தில் லக் என்கிற உறைகளில் அழகான வேலைப்பாடு. 3,000 ரூபாய் சொன்னார், 2,500-க்கு இறங்கினார். கீழ்க் குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்று ஸ்டிக்கர். 1935-ல் வந்த குழாய் அது. நடுவில் மெல்லியதாகவும் முனைகளில் தடிப்பாகவும் இழுத்த மாங்கனீஸ் மாலிப்டினம் ஸ்டீல், ஒரு காலத்தில் பெரிய பெயர். ஆனால் ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் போஸ்டை உருவி வெர்னியரில் அளந்தேன். 25.8 மி.மீ. சீட் குழாயின் வெளி அளவு வழக்கமாக 28.6. மெல்லிய நல்ல குழாயாக இருந்தால் உள்ளே 27.2 போஸ்ட் போகும். போஸ்ட் இவ்வளவு சிறுத்திருக்கிறது என்றால் குழாய் தடிமன், அதாவது சாதாரண ஸ்டீல். ஸ்டிக்கருக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை.

சாதாரண ஸ்டீல் என்றால் ஓடாதா? ஓடும். அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சைக்கிள் எல்லாம் ஸ்டீல்தான். கோட்டம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, கடைக்காரரிடம் கொத்தனார் நூல் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் சக்கரம் உட்காரும் ஒரு முனையில் கட்டி, முன்னால் ஃபோர்க் தண்டு நுழைகிற ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் பிரேம் நேர். இடது பக்கம் 31, வலது பக்கம் 33 மி.மீ. இருந்தது. மோசமில்லை.

பின் அகலம் 126 மி.மீ.தான், என் ஹப்புக்கு நாலு மி.மீ. குறைவு. ஸ்டீலில் அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துக்கு இரண்டு மி.மீ. மெதுவாக விரித்துவிட்டால் அப்படியே நிற்கும். அலுமினியத்திலோ கார்பனிலோ இதை முயற்சி செய்யவே கூடாது.

பிறகு கடை வாசலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபோர்க் தண்டு பழைய ஒரு அங்குல மரை வகை, என் ஸ்டெம் ஏறாது. அதற்கு ஒரு இணைப்பும், ஹெட்செட் என்கிற பேரிங் செட்டும் வேண்டும். 25.8-ல் சீட் போஸ்ட் தேடி அலைய வேண்டும். அது 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்த பிரேம், ரிம் விட்டம் 630 மி.மீ. என்னுடையது 700சி என்கிற அளவு, விட்டம் 622. ஆக பிரேக் கட்டை ரிம்மைத் தொட இன்னும் நாலு மி.மீ. கீழே இறங்க வேண்டும், அதற்கு நீண்ட கை பிரேக். பெயிண்ட் வேறு. 2,500 ரூபாய் பிரேம் பத்தாயிரத்தைத் தொட்டது, எடை மட்டும் மூன்று கிலோவிலிருந்து குறையவில்லை. என் அக்கா மகன் மாதிரி இரும்புக் கடையைச் சுற்றிப் பாகம் தேடுவதே பொழுதுபோக்காக இருப்பவருக்கு இது சொர்க்கம். அவனிடம் சொன்னேன், அடுத்த வாரமே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கடைசியில் நின்றவை இரண்டு. பெங்களூரில் ஒருவர் கழித்த அலுமினிய ரிம் பிரேக் பிரேம், கார்பன் ஃபோர்க்கோடு 9,000 ரூபாய், 52 அளவு, விரிசல் இல்லை. இன்னொன்று, புதிய 4130 குரோமோலி பிரேம், ஸ்டீல் ஃபோர்க்கோடு 15,000-க்குக் கொஞ்சம் கீழே. அலுமினியத்தில் என் பாகங்கள் எல்லாம் அப்படியே ஏறும். ஆறாயிரம் மிச்சம். ஒரே குறை, டயர் 25-க்கு மேல் போகாது, 28 போட்டால் பிரேக்கில் உரசும். குரோமோலியில் 32 போகும், ஆனால் அதன் பிரேக் துளை தள்ளி இருப்பதால் 47 முதல் 57 மி.மீ. வரை எட்டுகிற பிரேக் புதிதாக வாங்க வேண்டும்.

ஸ்டீல் என்றதும் எல்லோரும் சொல்கிற காரணம், “எந்த ஊர்லயும் வெல்டிங் அடிச்சுக்கலாம்” என்பது. அதையும் சோதித்துவிடலாம் என்று ஒரு நண்பரின் குரோமோலி பிரேமைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு முனைப் பட்டறைக்குப் போனேன். டிராக்டர் டிரெய்லர் முதல் கேட் வரை ஒட்டுகிற கை. அவர் மேல் குழாயின் நடுவில் விரலால் சுண்டினார். மறுபடி முனையில் சுண்டினார்.

“தம்பி, நடுவுல தகரம் மாதிரி இருக்குது. நம்ம ராடு வெச்சா ஓட்டை விழுந்துரும்.”

“கேஸ் வெல்டிங்ல பித்தளை ஊத்தினா, அண்ணா?”

“ஊத்தலாம். ஆனா இதுல ஏறி நீங்க கீழ விழுந்தா என்னைத் திட்டக் கூடாது.”

அவர் சொன்னது சரி. அந்தக் குழாய் நடுவில் 0.6 மி.மீ.தான். ஆர்க் வெல்டிங்குக்கு அது தாங்காது. மெல்லிய குழாயை ஒட்டத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர் தெருவுக்குத் தெரு இருக்க மாட்டார். ஆக ‘எங்கும் ஒட்டலாம்’ என்பது தடித்த குழாய்க்கு மட்டுமே பொருந்தும் பெருமை.

அப்புறம் ஏன் குரோமோலியை எடுத்தேன் என்றால், ஒட்டுவதற்காக இல்லை, வளைவதற்காக. ரோடு சைக்கிளில் அடிக்கடி சேதப்படுவது பிரேம் குழாய் அல்ல, பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சின்ன நாக்கு. சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும், அது உள்ளே வளைந்துவிடும், கியர் ஸ்போக்ஸில் மாட்டும். அலுமினியப் பிரேமில் அது கழற்றி மாட்டுகிற துண்டு. பிரேமுக்குப் பிரேம் வடிவம் வேறு. சரியான துண்டு கையில் இல்லையென்றால் பெங்களூருக்கு 90 கி.மீ. போக வேண்டும், அல்லது தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். பழைய மாடலுக்கு அது கிடைக்காமலே போகலாம். பெங்களூர் அலுமினியத்துக்கு உபரி ஹேங்கர் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். ஸ்டீலில் அந்த நாக்கு பிரேமோடு சேர்ந்தது. வளைந்தால் திரும்ப வளைக்கலாம், சில தடவை தாங்கும். அலுமினிய நாக்கை ஒரு தடவை நிமிர்த்தலாம், இரண்டாவது தடவை கையோடு வந்துவிடும்.

துருவைப் பற்றிப் பயமுறுத்தினார்கள். சென்னைக் கடற்கரையில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். இந்த ஊர் வறட்சியில் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றிச் சுழற்றிவிட்டால் போதும். சீட் போஸ்டுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்க வேண்டும், இல்லையென்றால் அலுமினியப் போஸ்டும் ஸ்டீல் குழாயும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

பெங்களூருக்கு அடிக்கடி போய்வருகிறவர், தேசிய நெடுஞ்சாலை 44-ன் வழவழப்பிலேயே ஓட்டுகிறவர் அந்த ஒன்பதாயிரம் ரூபாய் அலுமினியத்தை எடுத்து மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடலாம். அவருக்கு அதுதான் சரி. எனக்குப் பிரேக்கோடு சேர்த்து வரம்பை 2,000 ரூபாய் தாண்டியது. அக்காவிடம் வாங்கினேன், இன்னும் கொடுக்கவில்லை.

மாட்டி மூன்றாவது வாரம் காவேரிப்பட்டணத்தில் டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு ஆடு உரசிக்கொண்டு போனதில் சைக்கிள் வலது பக்கமாகவே விழுந்தது. ஹேங்கர் உள்ளே. எதிரே ஒரு சைக்கிள் கடை. அவர் ரோடு சைக்கிளைத் தொட்டதே இல்லையாம். மூலையில் குவிக் ரிலீஸ், அதாவது கையால் நெம்பிக் கழற்றுகிற அச்சு, போட்ட பழைய கியர் சைக்கிள் பின்வீல் ஒன்று கிடந்தது. அதன் அச்சும் 10 மி.மீ., மரையும் ஒன்று. கியரைக் கழற்றிவிட்டு அந்த அச்சை ஹேங்கர் துளையில் திருகச் சொன்னேன். இப்போது இரண்டு வீல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நாலு இடத்தில் இரண்டு ரிம்முக்கும் இடைவெளி அளந்தோம். கீழே ஒரு விரல்கடை வித்தியாசம். அந்த வீலையே பிடியாக வைத்து அவர் மெல்ல இழுத்தார். அளந்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். நாலு இடமும் சமமானது. கியரை மாட்டி மிதித்துப் பார்த்தால் ஒன்பதும் சத்தமில்லாமல் விழுந்தன.

“எவ்வளவு அண்ணா?” என்றேன்.

“முப்பது ரூபா குடுங்க. அந்த வீல் வெச்சு அளக்கிறது எப்பிடின்னு இன்னொரு தரம் காட்டிட்டுப் போங்க.”